மேரியின் மாடுகள்: 1650களின் ஒரு விவசாயியைக் கோர்ட்டுப் புத்தகங்களில் தேடியது

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கறுப்பினத்தவர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். போன வருடம் ஒரு மாலை, என் அப்பா ஊரில் பத்திர எழுத்தராக இருந்தார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதை அவர் பிடித்துக்கொண்டார். அவருடைய பாட்டி ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்: "நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் சொந்த நிலத்தில் பயிர் செய்தவர். வர்ஜீனியாவின் கிழக்குக் கரையில் இருந்தார். பெயர் ஜான்சன்." அவ்வளவுதான். வேறு துப்பு இல்லை. கண் தெரியும்போதே இதைக் காகிதத்தில் பார்க்க வேண்டும், உதவ முடியுமா என்று கேட்டார்.

சரி என்றேன். எட்டு மாதம் ஆயிற்று. எங்கே சறுக்கினேன், எதைத் திருத்தினேன் என்பதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்பா சொல்லும் ஒரு பாடம் உண்டு. இன்று நிலம் யார் கையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கு, ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போ, நடுவில் ஒரு கண்ணிகூட விடாமல் தாய்ப்பத்திரம் வரை போ. வம்சம் தேடுவதற்கும் அதே விதிதான். அந்த அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி, அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஏறினேன். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1850 கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகச் சுதந்திர மக்கள் அத்தனை பேரின் பெயரையும் எழுதினார்கள். அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் 1870-இல்தான் வருகிறது. அவருடைய முன்னோர் டெலவேர் மாநிலத்தின் சசெக்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), 1850 பட்டியலிலேயே, பெயரோடும் வயதோடும் 'விவசாயி' என்ற தொழிலோடும் இருந்தார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1820 வரை இழுத்தேன். அதற்கு மேல் கயிறு அறுந்துபோயிற்று.

அப்புறம் அப்பாவின் விதியை மீறி ஒன்று செய்தேன். கிழக்குக் கரையில் 1600களிலேயே சொந்த நிலத்தில் பயிர் செய்த ஒரு கறுப்பின ஜான்சன் உண்டு: அந்தோனி ஜான்சன். அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். அவரிடமிருந்து முன்னோக்கி இறங்கி வந்தால் நடுவில் எங்காவது சந்திக்காதா என்ற ஆசை. ஆசைதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. அதனால் இரண்டு தனித்தனிக் கோப்புகள் போட்டேன். நீல அட்டையில் அந்த அம்மாவின் வம்சம், பழுப்பு அட்டையில் அந்தோனி. இரண்டையும் சேர்க்க ஒரு காகிதமாவது கிடைக்கும்வரை ஒன்றிலிருந்து ஒரு தாளைக்கூட மற்றதற்கு மாற்றுவதில்லை என்று முடிவு.

இனி பழுப்புக் கோப்பு. இந்தப் பதிவின் பெரும்பகுதி அதுதான்.

வர்ஜீனியாவின் கிழக்குக் கரை என்பது செசபீக் விரிகுடாவுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில் தெற்கே நீளும் மெல்லிய நிலநாக்கு. அதில் இருக்கிற நார்தாம்ப்டன் கவுண்டியின் கோர்ட்டுப் பதிவுகள் 1632-இலிருந்து விடாமல் தொடர்கின்றன. அமெரிக்காவிலேயே இவ்வளவு பழமையாக, இடைவெளி இல்லாமல் நிற்கிற கவுண்டிக் கோர்ட்டுப் பதிவு இதுதான். வர்ஜீனியாவில் எத்தனையோ கவுண்டிகளின் புத்தகங்கள் தீயிலும் போரிலும் போய்விட்டன. இது தப்பித்தது. அந்தோனியைப் பற்றி நமக்கு ஏதாவது தெரிகிறது என்றால் அது இந்தப் புத்தகங்கள் பிழைத்ததால்தான்.

மைக்ரோஃபிலிம் நகல்கள் ரிச்மண்டில் இருக்கும் வர்ஜீனியா நூலகத்தில் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் நான்கு மணி நேரத்தில் ஆறு வரிகூடப் படிக்க முடியவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்துக் குமாஸ்தா எழுத்து நமக்குப் பழக்கமான ஆங்கில எழுத்தே அல்ல. 'ஈ' எழுத்து தலைகீழாகத் திரும்பி நிற்கும். 'சி' எழுத்து 'ஆர்' போலத் தெரியும். 'எச்' கோட்டுக்குக் கீழே வால் விட்டுத் தொங்கும். பெரிய 'எஃப்' வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன 'எஃப்' போடுவார்கள். 'பி'-யின் காலில் ஒரு குறுக்குக்கோடு போட்டால் அங்கே இரண்டு மூன்று எழுத்துகள் சுருக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இதற்கு நான் கண்ட வழி: தெரிந்த வார்த்தையைப் பிடி. ஒவ்வொரு கோர்ட்டு உத்தரவிலும் 'கோர்ட்டு', 'புகையிலை', 'பவுண்டு' இந்த மூன்றும் வந்தே தீரும். அன்றைக்கு வர்ஜீனியாவில் புகையிலைதான் பணம். அபராதம், கடன், வரி எல்லாம் புகையிலை எடையில். 'டொபாக்கோ' என்ற வார்த்தையைப் பத்து இடத்தில் அடையாளம் கண்டால், அந்தக் குமாஸ்தா டி, ஓ, பி, சி எழுத்துகளை எப்படிப் போடுகிறார் என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டில் எழுத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் எழுதிய மாதிரியையே வரைந்துகொண்டேன். மூன்றாவது சனிக்கிழமை பக்கத்துக்கு முக்கால்வாசி புரிந்தது. குமாஸ்தா மாறினால் நோட்டும் மாற வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். அச்சில் வந்த தொகுப்பு ஒன்றின் அட்டவணையில் 'ஜான்சன்' பார்த்தேன், சில பதிவுகள்தான். பிறகுதான் உறைத்தது. ஆரம்ப காலத்தில் இவருக்குக் குடும்பப் பெயரே எழுதப்படவில்லை. 1625-ஆம் ஆண்டு ஆள் கணக்கில் எட்வர்ட் பென்னட்டின் தோட்டத்தில் 'அந்தோனியோ, நீக்ரோ, ஜேம்ஸ் கப்பலில், 1621' என்றுதான் இருக்கிறது. (அந்தச் சொல் ஆவணத்தில் உள்ளது, அதனால் ஆவணத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் அப்படியே வைக்கிறேன்.) அதே பட்டியலில் 'மேரி, மார்கரெட் அண்ட் ஜான் கப்பலில், 1622'. இவர்தான் பிறகு மனைவி ஆனவர். 1622 மார்ச் 22-ஆம் தேதி பூர்வகுடியினர் குடியேற்றங்கள் மேல் நடத்திய தாக்குதலில் பென்னட்டின் தோட்டத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பித்த மிகச் சிலரில் அந்தோனியும் ஒருவர். ஆக, இவரை ஜே எழுத்தில் மட்டும் தேடினால் போதாது. ஏ எழுத்திலும், என் எழுத்திலும், 'டோனி' என்றும் தேட வேண்டும்.

தேடினால் வேறு ஆபத்து வருகிறது. அந்தோனிகள் நிறையப் பேர். 1630களின் ஒரு நிலப் பட்டியலில், ஜார்ஜ் மெனிஃபி என்பவர் கூட்டிவந்த ஆட்களில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒரு பெயர். இந்தியாவிலிருந்தோ அதைச் சுற்றிய நாடுகளிலிருந்தோ இவ்வளவு முன்பே ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். அந்த வரியில் என் விரல் தானாக நின்றுவிட்டது. ஆனால் அவர் நான் தேடும் டோனி இல்லை. குறித்துக்கொண்டு நகர்ந்தேன்.

இன்னொன்றை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. 1645-இல் நார்தாம்ப்டன் புத்தகத்தில் ஒரு வாக்குமூலம். 'அந்தோனி என்ற நீக்ரோ' டெய்லர் என்பவரோடு சோளத்தைப் பங்கு பிரித்துக்கொண்டதைச் சொல்கிறார். இப்போது என் நிலம் எது என்று எனக்குத் தெரியும், நினைத்தபோது வேலை செய்வேன், நினைத்தபோது விளையாடுவேன் என்கிறார். 1640களில் வர்ஜீனியாவில் ஒரு கறுப்பின விவசாயியின் குரல் இவ்வளவு நேராக எழுத்தில் விழுந்தது அபூர்வம். பலரும் இதை அந்தோனி ஜான்சனின் வார்த்தை என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவில் ஜான்சன் என்ற பெயர் இல்லை. அந்த வட்டாரத்தில் வேறு அந்தோனியும் இருந்திருக்கலாம். பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, கோப்பின் கடைசி உறையில் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா மூன்று முறை கேட்டார், "இது அவர்தானே?" என்று. மூன்று முறையும் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

நிலம் என்று பார்த்தால் 1651 ஜூலையில்தான் கால் ஊன்றுகிறார். 250 ஏக்கர், ஓர் ஓடைக் கரையில். இது எப்படிக் கிடைத்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துத் தலைக்கணக்கு முறை தெரிய வேண்டும். ஓர் ஆளைக் காலனிக்குக் கொண்டுவரும் செலவை ஏற்றவருக்கு, தலைக்கு 50 ஏக்கர் நிலம். நிலம் வழங்கும் பட்டயத்தில் அந்த ஆட்களின் பெயர்களைப் போட வேண்டும். அந்தோனியின் பட்டயத்தில் ஐந்து பெயர்கள், அதில் ஒன்று ரிச்சர்ட் ஜான்சன், அவருடைய மகன். ஐந்து தலை, 250 ஏக்கர், கணக்கு சரி. ஆனால் இதைப் படித்ததும் ஐந்து வேலையாட்கள் வைத்திருந்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தலைக்கணக்குச் சீட்டுகளை அன்று விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். பெயர் இருந்தால் ஆள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று பொருள் இல்லை.

பட்டயங்கள் கவுண்டியில் இல்லை, ரிச்மண்டில் மாநிலத் தொகுப்பில் இருக்கின்றன. இதுவும் ஒரு பாடம். ஒரே ஆளுடைய காகிதங்கள் மூன்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். நிலம் கொடுத்தது காலனி அரசு, வழக்கு நடந்தது கவுண்டிக் கோர்ட்டில். கவுண்டியின் எல்லையும் நிலையாக நிற்கவில்லை. 1660களில் நார்தாம்ப்டனிலிருந்து அக்கோமாக் பிரிந்தது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, கோர்ட்டு மாறிப்போகிறது. எந்த வருடம் எந்தக் கோர்ட்டு என்று ஓர் அட்டவணை போட்டு மேசையில் ஒட்டிக்கொண்டேன்.

இனி தீ விபத்து. 1653 பிப்ரவரியில் கோர்ட்டில் ஒரு மனு. ஜான்சன் வீட்டில் தீ பிடித்துப் பெரிய இழப்பு. கோர்ட்டு என்ன சொல்கிறது என்றால், இவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வர்ஜீனியாவில் வாழ்கிறவர்கள், கடின உழைப்பு எல்லோருக்கும் தெரியும், ஆகவே மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுவதும் தலைவரி வேண்டாம். முதலில் இதை வெறும் இரக்கம் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். பிறகு ஒரு கேள்வி வந்தது: ஏன் பெண்களுக்கு மட்டும்? விடை 1643-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வர்ஜீனியா அந்த ஆண்டு தலைவரி போட்டது. ஆங்கிலேயக் குடும்பத்து மனைவிக்கும் மகளுக்கும் அந்த வரி கிடையாது. அப்படியானால் இந்த உத்தரவு செய்தது என்ன? வரி விஷயத்தில் மேரியையும் மகள்களையும் அக்கம்பக்கத்து ஆங்கிலேயப் பெண்களோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்காவிட்டால் இது கண்ணில் படவே படாது.

இந்தப் பதிவில்தான் என் முதல் பெரிய தவறும். புத்தகத்தில் 1652 பிப்ரவரி என்றுதான் இருக்கிறது. நான் அப்படியே 1652 என்று குறித்தேன். மேரி வந்தது 1622-இல், முப்பது ஆண்டுகளுக்கு மேல் என்றால் கணக்கு இடித்தது. குமாஸ்தா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன். தவறு அவருடையதல்ல. 1752 வரை இங்கிலாந்தும் அதன் காலனிகளும் புத்தாண்டை மார்ச் 25-இல் தொடங்கின. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் முதல் 24 நாள் எல்லாம் பழைய ஆண்டின் கடைசியில் சேரும். அவர்களுடைய 1652 பிப்ரவரி நமக்கு 1653 பிப்ரவரி.

இது ஒரு வருடக் கணக்குப் பிழை மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு மனிதனின் கதையையே தலைகீழாக்கிவிட்டது.

ஜான் கேசர் என்ற கறுப்பின ஆள் அந்தோனியிடம் வேலை செய்தார். ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்தில்தான் வந்தேன், அதற்கு மேல் ஏழு ஆண்டு என்னை வைத்திருக்கிறார் என்பது கேசரின் முறையீடு. அப்படி ஒப்பந்தமே கிடையாது, இவர் ஆயுளுக்கும் என்னுடையவர் என்பது அந்தோனியின் வாதம். கேசரை விடுவித்ததற்கு ஒரு பதிவு, கேசரைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் கோர்ட்டுத் தீர்ப்பு ஒரு பதிவு. இரண்டையும் அட்டையில் எழுதித் தேதிப்படி அடுக்கினேன். தீர்ப்பு 1654 மார்ச் 8, விடுவிப்பு 1654 நவம்பர். கோர்ட்டு அந்தோனி பக்கம் தீர்ப்புச் சொன்னபோதும் எட்டு மாதத்தில் மனம் மாறி விட்டுவிட்டார் என்று படித்தேன். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அன்று மாலையே போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் "அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, தீர்ப்பு நாளில் கொடுக்கப்பட்ட கேப்டன் சாமுவேல் கோல்ட்ஸ்மித் என்பவரின் வாக்குமூலத்தை வரிவரியாகப் படித்தேன். ஒரு பீப்பாய்ப் புகையிலை வாங்க அந்தோனியின் வீட்டுக்குப் போனபோது கேசர் வந்து முறையிட்டார் என்று தொடங்குகிறார். எப்போது என்றால், 'சென்ற நவம்பர் தொடக்கத்தில்'. சென்ற நவம்பர்! மார்ச் 8-ஆம் தேதி அந்தக் கணக்கில் ஆண்டின் கடைசி. நவம்பர் முதலில், மார்ச் பிறகு. அவர்களுடைய 1654 மார்ச் 8 நம்முடைய 1655. அட்டைகளை மாற்றி அடுக்கினேன்.

சரியான வரிசை இது. கேசர் முறையிடுகிறார். ராபர்ட் பார்க்கர் என்ற வெள்ளையர் அவருக்காகப் பேசுகிறார். கோர்ட்டுக்குப் போனால் இழப்பீடாக உன் மாடுகளில் பெரும்பங்கைக் கேசர் வாங்கிவிடுவார் என்ற அச்சம் எழ, மனைவியும் இரண்டு மகன்களும் மருமகனும் அந்தோனியை வற்புறுத்துகிறார்கள். அவர் கேசரை விடுகிறார். கேசர் பார்க்கரிடம் வேலைக்குப் போகிறார். குளிர்காலம் முழுக்க அந்தோனி யோசித்திருக்கிறார். 1655 மார்ச்சில் வழக்குப் போட்டு, கேசரைத் திரும்பப் பெற்றுவிட்டார். பார்க்கர் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவு. தன்னுடைய வாழ்க்கையை இன்னொருவரின் தோட்டத்தில் கட்டுப்பட்ட ஆளாகத் தொடங்கியவர், இன்னொருவரை ஆயுளுக்கும் கட்டி வைத்துக்கொண்டார். எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரை ஆயுளுக்கும் அடிமை என்று அந்தக் காலனிகளில் ஒரு உரிமை வழக்கில் தீர்த்த ஆரம்பகாலத் தீர்ப்புகளில் இது ஒன்று.

அந்த அம்மாவிடம் மறுபடி போய்ச் சொல்வதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. என் தவறு என்று விளக்கி, அட்டைகளைப் புது வரிசையில் மேசைமேல் வைத்தேன். நிறைய நேரம் பேசவில்லை. பிறகு கேசர் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். காஸர், கேசர், கசாரா என்று விதவிதமாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அவருக்கும் ஒரு அட்டை உறை போடு. அவர் யாருக்காவது தாத்தாவாக இருந்திருப்பார்" என்றார். போட்டேன். அன்றிலிருந்து தேதிகளை இரண்டு ஆண்டும் சேர்த்து, சாய்கோடு போட்டு, 1654/55 என்று எழுதுகிறேன். மூன்று எழுத்து மிச்சம் பிடிக்க ஒற்றை ஆண்டு எழுதாதீர்கள்.

நடுவில் ஒரு நாள் ஈஸ்ட்வில் போய்வந்தேன். நார்தாம்ப்டனின் தலைமையிடம். நார்ஃபோக் பக்கத்திலிருந்து விரிகுடாவைத் தாண்டும் பாலமும் சுரங்கமுமான சாலையில் போக வேண்டும். 1964-இல் திறந்தது, 17 மைலுக்கு மேல். பழைய செங்கல் கோர்ட்டுக் கட்டடம் 1731-ஐச் சேர்ந்தது, அந்தோனி காலத்துக்குப் பிறகு கட்டியது. பக்கத்திலேயே கடன் கட்டாதவர்களை அடைத்த சிறை. அசல் பக்கத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது புதிதாகத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை, ஃபிலிமில் இருந்ததுதான். ஆனால் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்தது பயன்பட்டது. முழுக்கத் தட்டை, மணல் கலந்த மண், நாலாபுறமும் ஓடை. இரண்டு ஓடைகளுக்கு நடுவில் மாட்டை விட்டால் மூன்று பக்கம் வேலியே வேண்டாம். எல்லைகளை ஏன் ஓடையை வைத்தே எழுதினார்கள், மாட்டு வழக்குகள் ஏன் இவ்வளவு என்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

1665 வாக்கில் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்குப் போய்விடுகிறது. புதிதாக உருவான சாமர்செட் கவுண்டியில் 300 ஏக்கர் குத்தகை, 99 ஆண்டுக்கு. 'டோனியின் திராட்சைத் தோட்டம்' என்று நிலத்துக்குப் பெயர். அப்படிப்பட்ட நீண்ட குத்தகைகளில் வாடகையாகப் பெயருக்கு ஒரு மிளகு என்று எழுதுவது ஆங்கிலேயர் வழக்கம். மேரிலாந்தில் நிலத்துக்குப் பெயர் வைப்பது தேடுபவருக்குப் பெரிய வரம். ஆள் மாறினாலும் நிலத்தின் பெயர் அப்படியே தொடரும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். இந்தக் காகிதங்கள் எல்லாம் அனாபொலிஸில், மேரிலாந்து ஆவணக் காப்பகத்தில். வர்ஜீனியாவில் மட்டும் தேடுபவர் அந்தோனி 1665-இல் இறந்துவிட்டார் என்று நினைத்துக் கோப்பை மூடிவிடுவார்.

அவர் இறந்தது 1670-இல். அந்த ஆகஸ்டில் வர்ஜீனியாவில், அவர் விட்டுவந்த நிலம் பற்றி ஒரு ஜூரி கூடுகிறது. முடிவு ஒரே வரி: அந்தோனி ஜான்சன் ஒரு நீக்ரோ, அதன் விளைவாக அந்நியர். ஆகவே நிலம் மன்னருக்குச் சேரும்.

1653-இல் 'முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்பவர்'. 1670-இல் 'அந்நியர்'. இந்த இரண்டு தாளையும் கோப்பில் எதிரெதிரே வைத்தேன். பழுப்புக் கோப்பில் வேறு எந்தப் பக்கத்தையும் நான் இத்தனை முறை திறந்ததில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆவணம் அதற்குப் பிறகு வருகிறது. 1672-இல் மேரி தன் பேரன்கள் மூன்று பேருக்கு மாடு எழுதிவைக்கிறார். அந்தோனி, ரிச்சர்ட், ஃபிரான்சிஸ். நிலம் இல்லை, வெள்ளிப் பாத்திரம் இல்லை, ஆளுக்கு ஒரு பசு. குறைவாகத் தோன்றலாம். ஒரு பசு வளர்ந்து ஈன்றால், கன்றும் பேரனுடையது, அதன் கன்றும் அவனுடையது. பத்து வருடத்தில் மந்தை. நிலத்தை ஜூரி எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு வருடம் முன்னால்தான் பார்த்த பெண், நடக்கிற சொத்தாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். இது என் ஊகம், ஆனால் கையில் இருக்கும் காகிதங்களை வைத்துச் செய்கிற ஊகம். பேரன்களின் பெயர்கள் வம்சத்தேடலுக்குத் தங்கம். மகன்களான ஜானும் ரிச்சர்டும் வேறு பதிவுகளில் வருகிறார்கள், ஆனால் மூன்றாம் தலைமுறையைப் பெயர் சொல்லிக் கட்டித் தருவது இந்தப் பாட்டியின் மாடுகள்தான்.

வேலியில்லாமல் மேயும் மாடுகளுக்குக் காதில் வெட்டு அடையாளம் போட்டு, அதைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். வலது காது நுனியை வெட்டியது, இடது காதில் பள்ளம், இந்த மாதிரி. அதே 1672-இல் சாமர்செட்டில் ஒரு மாட்டு அடையாளப் பதிவு. பதிபவர் ஜான் கேசர். மேரி ஜான்சனின் சம்மதத்தோடு. ஆயுளுக்கும் இன்னொருவரின் உடைமை என்று கோர்ட்டு சொன்ன மனிதர், பதினேழு வருடம் கழித்துத் தன் பெயரில் மாடு வைத்திருக்கிறார். மேரி ஏன் சம்மதித்தார், இருவருக்கும் நடுவில் என்ன பேச்சு நடந்தது, எதுவும் எழுதப்படவில்லை. கேசருக்குப் போட்ட தனி உறையில் இரண்டாவதாக ஒரு தாள் சேர்ந்தது.

1677-இல் இன்னொரு பேரன், ஜானின் மகன் ஜான், 44 ஏக்கர் வாங்குகிறார். நிலத்துக்கு 'அங்கோலா' என்று பெயர் வைக்கிறார். தாத்தா கப்பலிறங்கி ஐம்பத்தாறு வருடம் கழித்து. எந்த மண்ணிலிருந்து தங்களைக் கொண்டுவந்தார்கள் என்ற நினைவு மூன்று தலைமுறை அந்த வீட்டில் பேசப்பட்டிருக்க வேண்டும். அது வரலாற்றில் நிற்பது ஒரு நிலப் பதிவின் தலைப்பாக. இவர் 1706 வாக்கில் இறந்தார், வாரிசு இல்லை.

சரி, பக்கத்து வீட்டு அம்மா? நீலக் கோப்பு 1820-இல் டெலவேரின் சசெக்ஸில் நிற்கிறது. பழுப்புக் கோப்பு 1706-இல் மேரிலாந்தின் சாமர்செட்டில். இரண்டு இடத்துக்கும் நடுவில் குதிரையில் போனால் ஒரு நாள் பயணம்தான், ஆனால் நடுவில் நூற்றுப் பதினான்கு வருடம். அந்த வட்டாரத்தில் வெள்ளையரிலும் கறுப்பரிலும் ஜான்சன்கள் எக்கச்சக்கம். பெயர் ஒற்றுமையை வைத்து இணைத்தால் ஒரு மாலையில் மரம் முடிந்துவிடும். இணைக்கவில்லை. இதை அவரிடம் சொன்னபோது ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. இருந்தாலும், தான் நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் ஊகத்துக்கு மதிப்பெண் போட்டதில்லை, எனக்கும் போடப் போவதில்லை என்றார்.

இப்போது கையில் எடுத்திருப்பது சாமர்செட்டின் வரிப்பட்டியல்கள், 1723 முதல் 1759 வரை. வட்டாரம் வட்டாரமாக, வீடு வீடாக, வரி கட்ட வேண்டிய ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். 1725-இல் மேரிலாந்தும் சுதந்திரக் கறுப்பினப் பெண்களுக்குத் தலைவரி போட்டது. 1653-இல் மேரிக்கும் மகள்களுக்கும் கிடைத்த விலக்கு பின்னாளில் வந்த இந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வரியால்தான் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறது, ஆண்களின் பெயர்களுக்குக் கீழே, அதே மையில். ஒரு சுருள் முடித்திருக்கிறேன். குமாஸ்தா புதியவர், எழுத்து பரவாயில்லை, 'எஃப்' மட்டும் இன்னும் இரட்டையாகத்தான் போடுகிறார். அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாவும் கூட வருகிறார், பெரிய பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.